தொண்டையே இல்லாத பாடகி!

டோக்கியோ போற சான்ஸ் என்னிக்காவது உங்களுக்குக் கிடைச்சா, ஃபுஜி மலை, புல்லட் ரயில் எல்லாத்தையும் ஒரு நாள் தள்ளி வெச்சுட்டு முதல்ல அகிஹபாராவுக்கு டிக்கெட் எடுங்க பாஸ். இறங்கினதும் 'எலெக்ட்ரிக் டவுன்'னு போர்டு மாட்டின வாசல் வழியாத்தான் வெளியே வரணும். மாத்தி வந்துட்டீங்கன்னா சுத்தி வெறும் ஆபீஸ் கட்டடமாத் தெரியும். 'இதுக்கா இம்புட்டு பில்டப்?'னு என்னைத் திட்டுவீங்க.

சரியான வாசல்ல வந்துட்டீங்களா? இப்போ காதைத் தீட்டிக்கோங்க. ஒரு பக்கம் கடைக்காரங்க கூவல், இன்னொரு பக்கம் வீடியோ கேம் சத்தம், எதிர்ல வேலைக்காரம்மா யூனிஃபார்ம் மாட்டின பொண்ணுங்க 'எங்க காபிக் கடைக்கு வாங்க'னு நோட்டீஸ் நீட்டுறாங்க. இத்தனை இரைச்சலுக்கு நடுவுல ஒரு குரல் மட்டும் கடைக்குக் கடை உங்களைத் துரத்தும். கீச்சுனு, உச்சஸ்தாயியில, மூச்சு விடாம ஓடுற குரல். 'மூச்சு விடாம'ங்கிறதை நான் பேச்சுக்குச் சொல்லலை. நிஜமாவே அந்தக் குரலுக்கு மூச்சு கிடையாது!

அண்ணாந்து பாருங்க. அதோ நிக்கிறா. கணுக்கால் வரைக்கும் தொங்குற ரெட்டைக் குதிரைவால், அதுவும் மயில்கழுத்துப் பச்சையில. சாம்பல் கலர் சட்டை, கழுத்துல டை, காதுல ஹெட்போன். பேரு ஹட்சுனே மிக்கு. வயசு 16, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 42 கிலோ. 2007 ஆகஸ்ட் 31-ம் தேதி கடைக்கு வந்தப்பவும் 16, இன்னிக்கும் 16. நம்ம ஊரு ஹீரோயின்களுக்குக்கூட இந்த வசதி கிடையாது.

'கடைக்கு வந்தப்ப'னு சரியாத்தான் சொன்னேன். மிக்கு ஒரு சாஃப்ட்வேர். 15 ஆயிரம் யென் சொச்சத்துக்கு டப்பாவுல போட்டு வித்தாங்க. வாங்கிட்டுப் போய் கம்ப்யூட்டர்ல ஏத்தி, எந்த ஸ்வரம், எவ்வளவு நீளம்னு கட்டம் கட்டமாப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துலயும் பாட்டு வரியோட ஒவ்வொரு எழுத்தையும் டைப் பண்ணினா... மிக்கு பாடுவா. நீங்க எழுதினதை, நீங்க சொன்ன மெட்டுல. 'இந்த வரி எனக்குப் பிடிக்கலை சார்'னு சொல்ல மாட்டா. ராத்திரி 3 மணிக்குக் கூப்பிட்டாலும் வருவா.

டெக்னிக் இவ்வளவுதான். யமஹா கம்பெனியும் பார்சிலோனாவுல இருக்குற ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சி பண்ணி 'வோக்கலாய்ட்'னு ஒரு எஞ்சினை உருவாக்குனாங்க. 2004-ல முதல் குரல்கள் விற்பனைக்கு வந்துச்சு, அதெல்லாம் இங்கிலீஷ். ஜப்பான் மொழியிலதான் இந்த விளையாட்டு பிச்சு உதறுச்சு. காரணம் இருக்கு. நம்ம 'க, கா, கி' உயிர்மெய் மாதிரியே அவங்க எழுத்தும் மெய்யும் உயிரும் ஒட்டினதுதான். உயிர் மொத்தமே 5. அதனால எழுத்துகளையும் அது ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடங்களையும் பதிவு பண்றது கொஞ்சம் சுலபம். மிக்குவுக்காக அப்படிப் பேசிக் கொடுத்தவங்க சாகி ஃபுஜிதாங்கிற டப்பிங் ஆர்ட்டிஸ்ட். வரைஞ்சவர் 'கெய்'ங்கிற ஓவியர். சட்டையில இருக்குற பட்டன், கலர் எல்லாம் 80-கள்ல யமஹா வித்த 'டிஎக்ஸ் 7' கீபோர்டைப் பார்த்து வரைஞ்சது. பொண்ணு கீபோர்டு மாதிரி இருக்கான்னு தோணுச்சுன்னா, உங்க கண்ணு சரியாத்தான் வேலை செய்யுது.

இந்த வகைப் பாட்டுக்கு அந்த ஊர்ப் பசங்க வெச்ச செல்லப் பேரு 'பொக்காரோ'. ஜார்கண்ட் ஸ்டீல் பிளான்ட் இல்லீங்க, 'வோக்கலாய்ட்'டோட சுருக்கம். இப்போ யமஹா எஞ்சின் இல்லாத வேற சாஃப்ட்வேர்கள் எத்தனையோ வந்தாச்சு. ஆனா எல்லாமே அவங்களுக்கு பொக்காரோதான், நமக்கு எல்லா ஃபோட்டோகாப்பியும் 'ஜெராக்ஸ்' ஆன மாதிரி.

உண்மையைச் சொல்லிடுறேன். முதல் ஒரு மாசம் எனக்கு இது சுத்தமா ஏறலை. டோக்கியோவுல ஒரு லேப்ல 6 மாசம் இன்டர்ன்ஷிப். ரயில்ல, சூப்பர் மார்க்கெட்ல, பக்கத்து ஸீட் பையனோட ஹெட்போன் கசிவுலனு எங்கே போனாலும் இந்தக் குரல். கொசு கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்ட மாதிரி இருக்கேனு சிரிச்சிருக்கேன். ஒரு டப்பா பாடுறதைக் கேட்க இத்தனை கோடிப் பசங்களா?

என் வாயை அடைச்சது ஒரு கரோக்கே ரூம்.

எங்க லேப்ல ஒரு பையன் இருந்தான். பேர் போடாதேனு கேட்டுக்கிட்டான், அதனால 'லேப் நண்பன்'. வடக்கே ஸப்போரோக்காரன். பயங்கர மூளை. ஆனா பேச்சு திக்கும். அவனோட சொந்தப் பேரைச் சொல்றதுக்கே அவனுக்கு அரை நிமிஷம் ஆகும். செமினார்ல அவன் முறை வந்தா எல்லாரும் மரியாதையா மேஜையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அந்த மரியாதைதான் அவனுக்கு ஆகாது. மத்தியானச் சாப்பாடு தனியா. டவுட் எல்லாம் மெயில்ல. பக்கத்து மேஜையில இருந்துக்கிட்டே மெயில்!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன்கிட்ட இருந்து ஒரு மெயில். 'கரோக்கே வர்றீங்களா?'

கரோக்கேன்னா நம்ம ஊரு மாதிரி மேடை, கூட்டம்னு நினைக்காதீங்க. அங்கே அது ஒரு குட்டி ரூம். ஒரு சோஃபா, ஒரு டிவி, ரெண்டு மைக், பாட்டுத் தேட ஒரு டச் பேட், சுவத்துல ஒரு போன். நேரம் முடியப் போகுதுன்னா அந்த போன் அடிக்கும். சில நூறு யென் குடுத்தா பகல்ல ஒரு மணி நேரம் கத்தலாம். தனி ஆளாப் போய்ப் பாடிட்டு வர்றவங்களும் ஏராளம், அதுக்குன்னே ஒரு வார்த்தை இருக்கு, 'ஹிட்டோகரா'. அந்த டச் பேட்ல பொக்காரோ பாட்டுங்க குவிஞ்சு கிடக்கும். இதுல நீங்க எதுல ஆரம்பிக்கணும்னு கேக்குறீங்களா? அவன் எனக்குப் போட்ட வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல 'மெல்ட்'. 2007 டிசம்பர்ல 'ரியோ'ங்கிறவர் போட்ட பாட்டு. அதுக்கு முன்னாடி வந்த பாட்டெல்லாம் பெரும்பாலும் 'நான் மிக்கு, நான் ஒரு சாஃப்ட்வேர்'ங்கிற ரகம். இல்லேன்னா விளையாட்டு. கடையில மிக்கு பொம்மை கையில நீளமா ஒரு வெங்காயத்தாள் இருக்கும், பார்த்திருப்பீங்க. ஃபின்லாந்து நாட்டுப் பாட்டு ஒண்ணை அவளைப் பாட வெச்சு, கையில வெங்காயத்தாளைக் குடுத்து ஆட்ட வெச்ச ஒரு குறும்பு வீடியோவோட மிச்சம் அது. 'மெல்ட்' அப்படி இல்லை. காலையில எழுந்து முடியை மாத்திக்கிட்டு, அவன் கவனிப்பானானு தவிச்சு, மழையில ஒரே குடைக்குள்ள நடக்குற ஒரு சாதாரணப் பொண்ணோட பாட்டு. பாடுறது மெஷின்ங்கிறதே பாதியில மறந்துபோகும். அந்தப் பாட்டு வந்த கையோட, ஊர்ல இருக்குற பசங்க எல்லாம் அதைத் தங்க குரல்ல பாடிப் பாடி ஏத்த ஆரம்பிச்சாங்க. தரவரிசைப் பட்டியல் முழுக்க 'மெல்ட்'டா நின்னுச்சாம்.

ஏத்தினாங்கன்னா எங்கே? 'நிக்கோ நிக்கோ'ங்கிற வீடியோ தளத்துல. 2006 கடைசியில தொடங்கினது. அதுல ஒரு தனி விசேஷம் இருக்கு, பின்னாடி தேவைப்படும், கேட்டுக்கோங்க. அங்கே கமென்ட் கீழே வராது. வீடியோவோட எந்த செகண்ட்ல நீங்க கமென்ட் போடுறீங்களோ, அடுத்து யார் பார்த்தாலும் அதே செகண்ட்ல அது வலமிருந்து இடமா திரை மேலயே ஓடும். தனியா ரூம்ல உட்கார்ந்து பார்த்தாலும் நூறு பேரோட தியேட்டர்ல பார்க்குற ஃபீலிங். பாட்டு முடியும்போது '8888'னு ஓடும். 8-க்கு ஜப்பான் பாஷையில 'ஹச்சி', கைதட்டுற சத்தம் அவங்களுக்கு 'பச்சி பச்சி'. ஆக 8888-ன்னா கைதட்டல்!

அடுத்து அவன் போட்டது, 'தீமையின் வேலைக்காரன்'. 2008-ல 'மோத்தி'ங்கிறவர் எழுதினது. மிக்குவுக்கு அடுத்து வந்த ரின், லென்ங்கிற குரல்களை வெச்சு ரெண்டு பாட்டாச் சொன்ன கதையில இது ரெண்டாவது. கொடுங்கோல் இளவரசி ஒருத்தி, அவளுக்கு வேலைக்காரனா இருக்குற ரெட்டைத் தம்பி. மக்கள் கொதிச்சு எழுந்து அரண்மனைக்குள்ள வர்றப்போ தம்பி அவ டிரெஸ்ஸை மாட்டிக்கிட்டு அவளுக்குப் பதிலாத் தலையைக் குடுக்குறான். நம்ம தெருக்கூத்துல வெச்சா விடிய விடியப் போகும், அங்கே நாலு நிமிஷ சொச்சத்துல முடிச்சுட்டாங்க. முதல் பாட்டை அக்கா பக்கமா நின்னு கேட்டுட்டு, அப்புறம் தம்பியோடதைக் கேளுங்க. மாத்திக் கேட்டா பாதி போச்சு.

மூணாவது பாட்டுக்கு அவன் எழுந்து நின்னான்.

'ரோலிங் கேர்ள்'. 2010 பிப்ரவரியில வந்தது. செஞ்சவர் பேரு வோவாக்கா. பியானோவும் கிடாரும் தலைதெறிக்க ஓடும், மேல மிக்கு மூச்சுக்கு இடமே இல்லாம வரிகளைக் கொட்டுவா. கதைன்னு பார்த்தா ஒரே ஒரு விஷயம்தான். ஒரு பொண்ணு சரியா வரணும்னு திரும்பத் திரும்ப உருண்டு விழறா. எழறா. மறுபடி உருள்றா. இன்னொரு தடவை, இன்னொரு தடவைனு. யாராவது 'சரி, போதும்'னு சொல்ற வரைக்கும்.

என் நண்பன் பாடினான். திக்கலை. ஒரு எழுத்துகூடத் திக்கலை. பாடும்போது பலருக்குத் திக்காதுனு எனக்கு ஏட்டறிவா தெரியும், அது வேற. கண்ணு முன்னாடி பார்க்குறது வேற. 'குட் மார்னிங்' சொல்லத் தவிக்கிற பையன், மனுஷன் பாடுறதுக்குன்னு எழுதாத ஒரு பாட்டை, மெஷின் வேகத்துல, டிவியைக்கூடப் பார்க்காம, கண்ணை மூடிக்கிட்டு... நான் கையில இருந்த மெலன் சோடாவை அப்படியே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். முடிச்சுட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்குச்சு. 'ஸா... ஸாரி'னான்.

அப்போதான் எனக்கு மண்டையில உறைச்சது. இது டப்பா பாடுற பாட்டு இல்லை. பாட முடியாதவங்க எழுதின பாட்டு. குரல் நல்லா இல்லாதவன், மேடைன்னா காய்ச்சல் வர்றவன், பேண்டு சேர்க்க ஃப்ரெண்டே இல்லாதவன், இவங்ககிட்ட எல்லாம் சொல்றதுக்கு மட்டும் நிறைய இருந்துச்சு. 2007-ல யாரோ அவங்களுக்கு ஒரு குரலைக் கடன் குடுத்தாங்க. பாட்டு செய்யறவங்களுக்கு அந்த உலகத்துல 'பி'னு பேரு, ப்ரொட்யூசர்ங்கிறதோட முதல் எழுத்து. முகம் காட்டாத ஆயிரக்கணக்கான 'பி'க்கள். பாதிப் பேர் உங்களை மாதிரி காலேஜ் பசங்கதான்.

வோவாக்கா 2019 ஏப்ரல் 5-ம் தேதி மாரடைப்பு மாதிரியான திடீர் இதயக் கோளாறுல போய்ச் சேர்ந்துட்டார். வயசு 31. 'ஹிட்டோரியே'ங்கிற பேண்டு வெச்சு சொந்தக் குரல்லயும் பாடிக்கிட்டு இருந்தவர். அவருக்கு அப்புறமும் மிச்சப் பேர் அந்த பேண்டை நடத்துறாங்க. நண்பன் இதை வாயால சொல்லலை. மொபைல்ல டைப் பண்ணிக் காட்டினான்.

சரி, அடுத்து 'மட்ரியோஷ்கா'. இதுவும் 2010. மிக்குவும் 'குமி'ங்கிற இன்னொரு குரலும் சேர்ந்து பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடுற பாட்டு. தலைவலியும் வரும், காலும் ஆடும். செஞ்சவர் 'ஹச்சி'. மெட்டு, வரி, வீடியோவுக்கான படம் எல்லாமே ஒரே ஆளு, ஒரே ரூம். இந்த ஹச்சிதான் 2012-ல முகமூடியைக் கழட்டிட்டுச் சொந்தப் பேர்ல ஆல்பம் போட்டார். கென்ஷி யோனெசு! 2018-ல அவர் பாடின 'லெமன்' பில்போர்டு ஜப்பான் வருடாந்தரப் பட்டியல்ல 2018, 2019-னு தொடர்ந்து ரெண்டு வருஷம் முதலிடம். யோவாஸோபி குழுவோட மெட்டெல்லாம் போடுற அயாஸே? அவரும் பொக்காரோ 'பி'தான். 17 வயசுல 'உஸ்ஸேவா'னு கத்தி ஊரையே திரும்பிப் பார்க்க வெச்ச அடோ? முகம் காட்டாம, வீட்டு அலமாரிக்குள்ள உட்கார்ந்து பொக்காரோ பாட்டுகளைப் பாடிப் பதிவு பண்ணி வளர்ந்த பொண்ணு. 'உஸ்ஸேவா' எழுதின ஸ்யுதோவும் அந்தக் கூட்டத்து ஆள்தான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கூத்து ஒண்ணு இருக்கு. முதல்ல மெஷின் மனுஷனைப் பார்த்துப் பாடக் கத்துக்கிச்சு. மூச்சு தேவைப்படாததால 'பி'க்கள் மனுஷனால முடியாத வேகத்துல எழுதினாங்க. 'மிக்குவின் மறைவு'னு ஒரு பாட்டு, நிமிஷத்துக்கு 240 தட்டு. கம்ப்யூட்டர்ல இருந்து அழிக்கப்படப் போற மிக்கு அவசர அவசரமா விடைபெற்றுப் போற மாதிரி. அதைப் பார்த்துட்டு ஸ்கூல் பசங்க, 'ஏன் முடியாது?'னு ரூம் ரூமா உட்கார்ந்து பழகினாங்க. பழகியே தீர்த்தாங்க. இன்னிக்கு ஜப்பான் பாப் பாட்டுகள்ல வார்த்தைகள் இப்படிப் பாயுதுன்னா, மனுஷன் மெஷினைப் பார்த்துப் பாடக் கத்துக்கிட்டதும் அதுக்கு ஒரு காரணம்னு நான் சத்தியம் பண்ணுவேன்.

நேரமாகுது, மீதியை வேகமாச் சொல்லிடறேன். 'செம்பொன்சகுரா', 2011. பேரைக் கேட்டா நம்ம ஊரு நகைக்கடை மாதிரி இருக்கும், அர்த்தம் 'ஆயிரம் செர்ரி மரங்கள்'. கரோக்கேல இதுக்கு ஊரே எழுந்து நிக்கும். 2015 டிசம்பர் 31 ராத்திரி, ஜப்பான் குடும்பங்கள் எல்லாம் டிவி முன்னாடி உட்கார்ற என்.எச்.கே-வோட புத்தாண்டு இசை நிகழ்ச்சியில, 60 வயசைத் தாண்டின சச்சிக்கோ கோபயாஷி அதைப் பாடினாங்க. பழைய பாட்டுக்காரங்க, தாத்தா பாட்டிகளோட ஃபேவரிட். பேரப் பசங்க பாட்டு அன்னிக்கு ஹாலுக்கு வந்துடுச்சு. 'சார்ல்ஸ்', 2016, பிரிஞ்சு போற ரெண்டு பேரோட பாட்டு, ராத்திரி ரயிலுக்கு ஏத்தது. 'குட்பை பிரகடனம்', 2020 ஏப்ரல், ஊரே கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்த நேரம் வந்த பாட்டு. வீட்டுக்குள்ளேயே கிடக்குறதையும் ஆட்டம் போட வெக்கலாம்னு காட்டுச்சு. 'ககெரோ டேஸ்' கேட்டா ஆகஸ்ட் மாச வெயில் மேலயே பயம் வந்துடும், அதை மட்டும் தனியாக் கேட்காதீங்க.

போன் அடிச்சுடுச்சு. ரூமைக் காலி பண்ணணும்!

அப்புறம் நான் அந்த ஊரு வழக்கப்படி கச்சேரிக்கும் போனேன். 'மேஜிக்கல் மிராய்'. 2013-ல இருந்து வருஷா வருஷம் நடக்குது. டோக்கியோ பக்கம்னா சிபாவுல இருக்குற மகுஹாரி மெஸ்ஸேங்கிற பிரமாண்டக் கண்காட்சி அரங்கம், ஆகஸ்ட் கடைசி. ரயில்ல போகும்போதே தெரிஞ்சுடும், பெட்டி முழுக்க மயில்கழுத்துப் பச்சை டி-ஷர்ட். மேடையில நிஜ பேண்டு, நிஜ டிரம்ஸ், வேர்வை வழியுற நிஜ மனுஷங்க. நடுவுல கண்ணாடி மாதிரி ஒரு திரை. அதுல மிக்கு ஓடி வர்றா. கூட்டத்துல ஒவ்வொரு கையிலயும் கலர் மாத்துற விளக்குக்குச்சி. மிக்கு வந்தா பச்சை, ரின், லென் வந்தா மஞ்சள், லூக்கான்னா இளஞ்சிவப்பு, கைட்டோன்னா நீலம், மெய்கோன்னா சிவப்பு. ஒரே செகண்ட்ல ஆயிரக்கணக்கான குச்சி கலர் மாறும், சொல்லி வெச்ச மாதிரி. 'எதிர்ல ஆளே இல்லை, யாருக்குய்யா இத்தனை கத்தல்?'னு என் மனசாட்சி ஒரு பாட்டு வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டாவது பாட்டுல நானும் கத்திக்கிட்டு இருந்தேன்.

ஆனா ஒண்ணு. கச்சேரி சூப்பர்னாலும் அது திருவிழா. பளபளன்னு இருக்கும், டிக்கெட்டும் கடிக்கும். இந்தப் பாட்டோட வீடு கரோக்கே ரூமும் ராத்திரி 2 மணி ஹெட்போனும்தான். காசு கம்மின்னா கச்சேரியை விட்டுடுங்க, கரோக்கேயை விடாதீங்க.

பிப்ரவரியில என் இன்டர்ன்ஷிப் முடியப் போகுதுன்னு தெரிஞ்சதும் நண்பன் மெயில் போட்டான். 'எங்க ஊருக்கு வாங்க. மிக்கு பொறந்த ஊரு.'

நிஜம்தாங்க. மிக்குவை உருவாக்குன கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா கம்பெனி இருக்குறது டோக்கியோவுல இல்லை, ஸப்போரோவுல. 1995-ல ஹிரோயுகி இட்டோ ஆரம்பிச்சது. மிக்குவுக்கு முன்னாடி இசைக்கலைஞர்களுக்கு விதவிதமான ஒலிகளை வித்துக்கிட்டு இருந்த கம்பெனி. மிக்கு வந்ததும், 'அவளை யார் வேணா வரையலாம், காசு பார்க்காத வரைக்கும் தாராளமாப் பயன்படுத்திக்கோங்க'ங்கிற மாதிரி விதிமுறையைத் தளர்த்தி விட்டாங்க. நாலு வக்கீலைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருந்தா இந்தக் கதையே இல்லை. ரசிகர்கள் எல்லை மீறிப் போய், வெள்ளிக் கிரகத்துக்கு 2010-ல ஜப்பான் அனுப்பின 'அகட்சுகி' விண்கலத்துலயே அவ படம் போட்ட அலுமினியத் தகடை ஏத்தி அனுப்பினாங்க. முதல் தடவை சுற்றுப்பாதையைத் தவறவிட்டு, 5 வருஷம் சூரியனைச் சுத்திட்டு, 2015 டிசம்பர்ல சரியாப் போய்ச் சேர்ந்துச்சு அந்தக் கலம். இன்னொரு தடவை, இன்னொரு தடவை!

ஸப்போரோ பிப்ரவரின்னா பனித் திருவிழா. மூக்கு இருக்கா இல்லையான்னு தொட்டுப் பார்த்துக்குற குளிர். 2010-ல இருந்து அங்கே மிக்குவுக்குப் பனியில சிலை வைக்கிறாங்க, 'யூகி மிக்கு'னு பேரு, யூகின்னா பனி. நகரத்து டிராம் வண்டி ஒண்ணுக்கு அவ படத்தை ஒட்டி ஓட விடுறாங்க. கரெக்டா அந்த வண்டிதான் வரணும்னு நாங்க ரெண்டு டிராமை விட்டோம். கால் மரத்துப்போச்சு. மூணாவதா அது வந்துச்சு.

உள்ளே உட்கார்ந்ததும் அவன் புதுசா ஒரு பாட்டைக் கேட்க வெச்சான். 'டெட்டோரிஸ்', 2024 நவம்பர்ல வந்தது. பாடுறது மிக்கு இல்லை, கசானே டெட்டோ. இந்த டெட்டோ கதை மிக்கு கதையைவிட ஜோர். 2008 ஏப்ரல் 1-ம் தேதி சில குறும்புக்காரங்க, 'புது வோக்கலாய்ட் வருது'னு ஊரை ஏமாத்தக் கிளப்பிவிட்ட பொய்தான் டெட்டோ. ஏப்ரல் ஃபூல்! அப்புறம் 'பொய்யை ஏன் வீணாக்கணும்?'னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல நிஜமாவே குரல் குடுத்தாங்க. கம்பெனி இல்லை, காசு இல்லை, ரசிகர்களே வளர்த்த பிள்ளை. 2023-ல முறையான வணிகப் பதிப்பா புதுக் குரல் கிடைச்சுது. 2024-ல மிக்குவோட சேர்ந்து பாடின 'மெஸ்மரைஸர்' உலகம் முழுக்கப் பரவுச்சு. பொய்யாப் பொறந்து 16 வருஷம் கழிச்சு ஸ்டார்!

"டெ... டெட்டோவுக்கே 16 வருஷம் ஆச்சு"னு நண்பன் சொன்னான். அப்புறம் கொஞ்ச நேரம் ஜன்னல்ல படிஞ்ச ஆவியைத் துடைச்சுக்கிட்டே இருந்தான். மொபைலை எடுத்தான். நிக்கோ நிக்கோவுல ஒரு பக்கத்தைத் திறந்து என்கிட்ட நீட்டினான்.

அவனோட பாட்டு. மிக்கு பாடினது. மெட்டு, வரி, எல்லாம் அவனே. போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. பார்த்தவங்க 112 பேர். அதுல 50 தடவை நானேதான்னு மெயில்ல இல்லாம வாயாலயே சொன்னான்.

2024 ஜூன் மாசம் நிக்கோ நிக்கோ மேல பெரிய சைபர் தாக்குதல் நடந்து ரெண்டு மாசம் தளமே மூடிக் கிடந்துச்சு. ஆகஸ்ட் 5-ம் தேதிதான் திரும்ப வந்தது. லட்சக்கணக்குல கேட்குறவங்க இருக்குற பெரிய 'பி'க்களுக்கு அது செய்தி. இவனுக்கு அந்த ரெண்டு மாசமும் தூக்கமில்லை. 112 பேர் கேட்ட பாட்டு திரும்ப வரலைன்னா யாரு தேடப் போறா? திரும்ப வந்த அன்னிக்கு முதல் வேலையாப் போய்ப் பார்த்தானாம். இருந்துச்சாம்.

ஒரு இயர்போன் அவன் காதுல, ஒண்ணு என் காதுல. வெளியே பனி, உள்ளே டிராம் கடகடன்னு வளையுது. பாட்டு மெதுவானது. ஒரு பையன் வகுப்புல தன் பேரைச் சொல்ல எழுந்து நிக்கிறான்கிறதுதான் விஷயம். மிக்கு அந்தப் பேரோட முதல் எழுத்தை மட்டும் நாலு தடவை பாடுறா. அவளுக்குத் திக்காதே... அவன் அப்படி டைப் பண்ணியிருக்கான். நாலு கட்டம், ஒரே எழுத்து. அந்த இடத்துல கீபோர்டு நின்னுடுது, அவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்குற மாதிரி.

திரை காலியாவே இருந்துச்சு. 3 நிமிஷம் வரைக்கும் ஒரு கமென்ட்டும் ஓடலை. நான் அவன் முகத்தைப் பார்க்காம திரையையே பார்த்துக்கிட்டு இருந்தேன். கடைசி ஸ்வரம் அடங்கும்போது வலது ஓரத்துல இருந்து வெள்ளை எழுத்துல ஒண்ணு கிளம்பி வந்துச்சு.

8888.

"யாரு?"னு கேட்டேன்.

"தெ... தெரியாது"ன்னான். சிரிச்சான். அப்புறம் பாட்டை முதல்ல இருந்து வெச்சான்.